அம்மம்மா வராத 31 நாள்

குழந்தை பிறந்த வீட்டிலே தாய்க்கு அடுத்தபடியாகக் கண்விழித்திருப்பவர் அம்மம்மா. சரக்கு அரைத்துப் பத்தியக்கறி ஆக்குவதும், ஏணை கட்டுவதும், மூலிகை அவித்த நீரில் மகளை முழுகவைப்பதும், நள்ளிரவில் அழும் குழந்தையை வாங்கி ஓராட்டுவதும் அவர் பொறுப்பு. கடைக்கும் வைத்தியசாலைக்கும் நடப்பது அம்மப்பாவின் பங்கு. யாழ்ப்பாணத்து வீடுகளில் இவை இயல்பாக நிகழ்ந்து வந்தமையால், இவற்றை உழைப்பென்று எண்ணிப் பார்த்தவர் மிகச் சிலரே. 2020ஆம் ஆண்டு நம்மை எண்ணிப் பார்க்கச் செய்தது.

அவ்வாண்டு மார்ச் 11ஆந் திகதி உலக சுகாதார ஸ்தாபனம் கொவிட் 19 நோயைப் பெருந்தொற்று என அறிவித்தது. மார்ச் 20ஆந் திகதி மாலை இலங்கை முழுவதும் ஊரடங்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. விமானப் போக்குவரத்தும் பெரிதும் நின்றது. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பிள்ளைப்பேற்றுக்குக் காத்திருந்த மகள்மாரிடம் செல்லவிருந்த தாய்மார் ஊரிலேயே தங்க நேர்ந்தது. அயலூரில் இருந்த தாய்மாருக்குங்கூட வழி அடைபட்டது.

நம் முன்னோர் வகுத்த துடக்கும் ஒருவகைத் தனிமைப்படுத்தலே. 31ஆம் நாட் கழிவு வரை பிறர் அவ்வீட்டிற் கைநனைப்பதில்லை. தீட்டே அதற்குக் காரணமாகக் கூறப்பட்டதெனினும், பெற்றவளுக்கு ஓய்வும் சிசுவுக்குக் காவலும் அதனாற் கிடைத்தன. அந்த வேலி ஊராரை வெளியே நிறுத்தி, அம்மம்மாவை உள்ளே வைத்தது. புதிய வேலியோ அம்மம்மாவையே வெளியே நிறுத்தியது. அது காரணமின்றி இடப்பட்டதன்று. இந்நோய் முதியோரையே மிகுதியாகப் பலிகொண்டது. இந்நாட்டில் தடுப்பூசி ஏற்றும் பணி 2021 ஜனவரி 29ஆந் திகதியே தொடங்கியது. குழந்தைக்கு எவர் மிக வேண்டியவரோ, அவருக்கே நோய் மிகக் கொடியதாயிருந்தது. ஆதலின், பத்தியச் சாப்பாட்டை வாயிலில் வைத்துவிட்டுத் திரும்பியதும், கைத்தொலைபேசித் திரையில் ஏணை கட்டும் முறையைக் காட்டியதும், பேரப்பிள்ளையைத் தொடாதிருந்ததும் அவர்கள் செய்த உதவிகளே.

இளந்தாய் தனித்து நின்ற அந்நாள்களிலே, குழந்தையைக் குளிப்பாட்டக் கற்றுக்கொண்ட தகப்பன்மாரும் உண்டு. அது நிலைத்தற்குரிய நல்வழக்கம். ஆயினும் அம்மம்மாவின் அறிவு அவரோடே நடந்து திரிவதென்பதும், அவர் வராதவிடத்து அதுவும் வராதென்பதும் அப்பொழுதே புலனாயின. குடும்பநல உத்தியோகத்தர் குழந்தையின் நிறையை அட்டையிற் பதிகிறார். அம்மம்மாவின் பணியைப் பதிய அட்டை இல்லை. இலக்கியமும் இதில் விலக்கன்று. பிள்ளைத்தமிழ் காப்புப் பருவத்தோடு தொடங்கும். அதனை இரண்டாம் மாதமென்றும் மூன்றாம் மாதமென்றும் பாட்டியல் நூல்கள் வகுக்கும். பிறந்த முதல் மாதம் அப்பருவங்களுக்கு வெளியே நிற்கிறது. அம்மாதத்தைக் காத்தவரின் சொல்லும் பாட்டும் முழுமையாக ஏடேறவில்லை.

இவற்றை ஏடேற்றும் பொறுப்பு ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் உரியது. தத்தம் வீட்டு முதியோரிடம் ஓராட்டுப் பாடல்களையும் பத்திய முறைகளையும் கேட்டு, சொன்னவர் பெயரும் ஊரும் குறித்து எழுதுதல் வேண்டும். கேட்டவை அனைத்தையும் கைக்கொள்ள வேண்டுமென்பதன்று. பிறந்த குழந்தைக்குச் சீனித்தண்ணீர் தீற்றும் வழக்கத்தை மருத்துவம் ஏற்பதில்லை; முதல் ஆறு மாதமும் தாய்ப்பாலே போதுமென்பது அதன் துணிபு. கொள்வன கொள்ளவும் தள்ளுவன தள்ளவும் முதலில் அவை எழுத்தில் இருத்தல் வேண்டுமன்றோ?

இன்னுமொன்று. பேரப்பிள்ளைக்காக விழித்திருப்போரும் முதுமையில் களைத்தவர்களே. அவர்களின் அன்பை முடிவிலாத ஊழியமாகக் கொள்ளுதல் முறையன்று. அவர்கள் பணியை அறிந்து பாராட்டுவோர், அவர்களுக்கு ஓய்வு கொடுக்கவும் அறிந்திருத்தல் வேண்டும்.