எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு?

‘குரோம்பேட்டை தாண்டி லாரி பிரேக்டவுன். தாம்பரம் போற சைடு ஒரு லேன்தான் ஓடுது. பல்லாவரத்துலயே ரேடியல் ரோடு பிடிச்சு மேடவாக்கம் வழியா போயிடுங்க. 6.10.’

சென்னை ஜி.எஸ்.டி. சாலையில் தினமும் போய்வருகிறவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் வருகிற செய்தி இப்படித்தான் இருக்கும். இடம், திசை, காரணம், மாற்று வழி, நேரம், எல்லாம் நான்கே வரியில். கூகுள் மேப்பும் அந்த இடத்தைச் சிவப்பாகக் காட்டும்தான். நகரும் செல்போன்களின் வேகத்தை வைத்து நெரிசலைக் கணக்கிடுகிறது அது. ஆனால் லாரி நின்றதா, மரம் விழுந்ததா, அமைச்சர் வருகிறாரா என்பதை அந்தச் சிவப்புக் கோடு சொல்லாது. அரங்கநாதன் சுரங்கப்பாதையில் தேங்கிய தண்ணீரை ஸ்கூட்டர் தாண்டுமா, தண்ணீர் சைலன்சருக்குள் புகுந்துவிடுமா என்பதும் அங்கே நிற்பவருக்குத்தான் தெரியும்.

எல்லாச் செய்தியும் இவ்வளவு தெளிவாக வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ‘செம டிராபிக், வராதீங்க’ என்று ஒருவர் போடுவார். எங்கே, எந்தப் பக்கம், எப்போது? காலை 8 மணிக்குப் போட்டதை 10 மணிக்கு இன்னொருவர் ஃபார்வர்டு செய்வார். அதை நம்பி நாற்பது பேர் சந்துக்குள் திரும்ப, சந்து அடைத்துக்கொள்ளும். மழை பிடித்தால் போதும், 2015 டிசம்பர் வெள்ளப் படங்கள் புத்தம்புதிதாக வந்து இறங்கிவிடும். வதந்திகளுக்குக் கடிவாளம் போட 2018-ல் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுவுக்கோ மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. நேரம் போடாத செய்தியை அந்தக் கட்டுப்பாடு தடுக்காது. குழு அட்மின்கள்தான் கறாராக இருக்க வேண்டும்.

வண்டி ஓட்டிக்கொண்டே டைப் செய்கிற சமூக சேவகர்களுக்கு ஒரு வார்த்தை: தமிழ்நாட்டில் அதற்கு முதல்முறை அபராதம் 1,000 ரூபாய், மறுமுறை 10,000. பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர் அனுப்பட்டும்.

நாம் சொல்ல வந்தது வேறு. இந்தச் செய்திகளை ஒரு மாதத்துக்குச் சேர்த்துப் படித்தால் அதே சிக்னல், அதே பள்ளம், அதே யூ-டர்ன் திரும்பத் திரும்ப வரும். காசு செலவில்லாமல், மனு எழுதாமல் மக்கள் தயாரித்துத் தருகிற புகார்ப் பதிவேடு இது. அதைப் படிக்க வேண்டியவர்களோ அந்தக் குழுக்களில் இல்லை.

மக்களோடு தகவல் பரிமாறிக்கொள்வது காவல்துறையால் முடியாத காரியமும் அல்ல. கனமழை நாட்களில் எந்தச் சுரங்கப்பாதை மூடியிருக்கிறது, எங்கே தண்ணீர் நிற்கிறது என்று சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை பட்டியலே வெளியிடுகிறது. நன்றாகவே செய்கிறார்கள். வெயில் காலத்திலும் அது தொடரட்டும். 118.9 கிலோமீட்டர் நீள மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிக்காக நகரம் தோண்டப்பட்டு வரும் நேரத்தில், எந்தச் சாலை எத்தனை மணியிலிருந்து திருப்பிவிடப்படுகிறது என்பதை முந்தின நாள் இரவே செல்போனுக்கு அனுப்பலாமே? கூடவே, பயணிகள் பதில் போடவும் ஒரு எண்ணைக் கொடுங்கள். வந்த தகவலை உள்ளூர் போக்குவரத்து ஆய்வாளரும் நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளரும் வாரம் ஒரு நாள் சேர்ந்து உட்கார்ந்து படிக்கட்டும். எந்தப் பள்ளம் எந்தத் தேதியில் அடைக்கப்பட்டது என்பதை அதே எண்ணிலிருந்து திருப்பி அனுப்பட்டும்.