சித்திக்குக் கேட்ட மாத்திரை உங்களுக்கும் கேட்குமா?

"டாக்டர், இருக்கிறதுலயே நல்ல மாத்திரையா எழுதிக் கொடுங்க!"

மனச்சோர்வுக்காகச் சிகிச்சைக்கு வருபவர்களின் குடும்பத்தார் வழக்கமாகச் சொல்வது இது. "எங்க சித்திக்கு இந்த மாத்திரைதான் நல்லா கேட்டுச்சு" என்று செல்போனில் ஒரு மாத்திரை அட்டையின் படத்தைக் காட்டுபவர்களும் உண்டு. அக்கறையில் சொல்வதுதான். ஆனால், சித்திக்குக் கேட்டது சித்தப்பாவுக்குக் கேட்காமல் போகலாம்; ஆபத்தாகவும் முடியலாம்.

எது முதலிடம்?

2018-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. மனச்சோர்வுக்கான 21 மருந்துகளைப் பற்றிய 522 பரிசோதனைகளை ஒன்றாகச் சேர்த்து அலசினார்கள். அவற்றில் பங்கேற்றவர்கள் 1,16,477 பேர். மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட இந்த 21 மருந்துகளும் கூடுதல் பலன் தந்தன என்பது முதல் முடிவு. அந்தக் கூடுதல் பலன் சராசரியாகப் பார்த்தால் மிதமானதுதான். பெரும்பாலான மருந்துகளுக்கு இடையே இருந்த வித்தியாசமும் பெரிதல்ல.

சுவாரஸ்யமான விஷயம் அடுத்ததுதான். பலனில் முன்வரிசையில் வந்த அமிட்ரிப்டிலின், வென்லாஃபாக்ஸின் இரண்டும், 'தாங்க முடியவில்லை' என்று பலர் பாதியில் நிறுத்திய மருந்துகளின் பட்டியலிலும் இருந்தன. எஸ்சிட்டலோபிராம் இரண்டு வகையிலும் நல்ல பெயர் வாங்கியது. செர்ட்ராலினையும் ஃப்ளுவாக்ஸிடினையும் பலர் சிரமமின்றித் தொடர்ந்தார்கள்.

எவ்வளவு வீரியமான மருந்தாக இருந்தாலும், வாய் வறண்டு, தலை சுற்றி, பத்தாம் நாளே டிராயருக்குள் போட்டுவிட்டால் பலன் பூஜ்யம்தானே? அதனால்தான் 'எது வேலை செய்யும்?' என்ற கேள்வியோடு 'இவரால் எதைத் தொடர்ந்து சாப்பிட முடியும்?' என்ற கேள்வியையும் மருத்துவர்கள் சேர்த்தே கேட்கிறார்கள்.

பழைய பாடம்

இந்த மருந்துகளின் கதையே இப்படித்தான் தொடங்கியது. 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் காசநோயாளிகளுக்கு இப்ரோனியாசிட் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். படுத்தே கிடந்தவர்கள் எழுந்து உற்சாகமாக நடமாடினார்கள். அப்படித்தான் அது மனச்சோர்வுக்கான மருந்தானது. ஆனால், கல்லீரலைப் பாதித்ததால் சில ஆண்டுகளிலேயே அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது.

பிறகு வந்த அமிட்ரிப்டிலின் வகை மருந்துகள் நன்றாகவே வேலை செய்தன. ஆனால், அளவு மீறினால் இதயத் துடிப்பையே குலைத்துவிடும். 1987-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃப்ளுவாக்ஸிடின் உலகம் முழுக்கப் பரவியதற்கு, பழைய மருந்துகளைவிட அது வீரியமானது என்பது காரணமில்லை. அளவு தவறினாலும் ஆபத்து குறைவு என்பதே காரணம்.

ஆளுக்கு ஏற்ற கணக்கு

பாதுகாப்பு என்பது மருந்தை மட்டும் பொறுத்ததில்லை, சாப்பிடுகிறவரையும் பொறுத்தது.

70 வயதுத் தாத்தா. புராஸ்டேட் வீக்கம், மலச்சிக்கல், இதயக் கோளாறு எல்லாம் உண்டு. இவருக்கு அமிட்ரிப்டிலின் கொடுத்தால் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம். இதயத் துடிப்பிலும் சிக்கல் வரலாம். அதற்காகப் புதிய மருந்துகளைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிடவும் முடியாது. எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்றவை வயதானவர்களுக்கு ரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கக்கூடும். பி.பி-க்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். தாத்தா திடீரென்று தடுமாறினாலோ, குழப்பமாகப் பேசினாலோ 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடாமல் ரத்தப் பரிசோதனை செய்வது முக்கியம்.

மூட்டுவலிக்கு அடிக்கடி மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளும் அம்மா. டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளோடு இந்த மருந்துகளும் சேரும்போது வயிற்றில் ரத்தக்கசிவு ஏற்படும் வாய்ப்பு கூடுகிறது. டிராமடால் என்ற வலி மாத்திரையோடு சேர்ந்தால் நடுக்கம், காய்ச்சல், படபடப்பு என்று வேறொரு சிக்கல் வரலாம்.

கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாய் என்றால், பாலில் மிகக் குறைவாகவே கலக்கும் செர்ட்ராலினை மருத்துவர்கள் பெரும்பாலும் யோசிப்பார்கள். மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்ஸிஃபென் சாப்பிடுபவர் என்றால் பராக்ஸிடினையும் ஃப்ளுவாக்ஸிடினையும் தவிர்ப்பார்கள். அவை டமாக்ஸிஃபெனின் வேலையைக் கெடுத்துவிடக்கூடும். தூக்கமும் பசியும் போய் இளைத்துவிட்டவருக்கு மிர்டாசபின் பொருந்தலாம். ஏற்கெனவே உடல் எடையோடும் சர்க்கரையோடும் போராடுபவருக்கு அதே மருந்து கூடுதல் தலைவலி.

இன்னொன்றையும் மறைக்கவே கூடாது. முன்பு எப்போதாவது சில நாட்கள் தூக்கமே இல்லாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு, கைக்காசையெல்லாம் வாரி இறைத்த அனுபவம் இருந்தால் அது இருதுருவ நோயாக இருக்கலாம். அவர்களுக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் நிலைமை தலைகீழாக மாறிவிடும் ஆபத்து உண்டு.

அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள்

நம் ஊரில் எஸ்சிட்டலோபிராமும் குளோனசிபாமும் சேர்ந்த மாத்திரை பரவலாகக் கிடைக்கிறது. 'போட்ட அன்னிக்கே நிம்மதியா தூங்கினேன்' என்று சொல்லவைப்பது பெரும்பாலும் இரண்டாவதாக இருக்கும் குளோனசிபாம்தான். அதை ஆரம்பத்தில் சில வாரங்களுக்கு மட்டும் கொடுப்பதுண்டு. பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிட்டால் அது இல்லாமல் இருக்க முடியாத நிலை வரலாம். வயதானவர்கள் தடுமாறி விழுவதற்கும் இது ஒரு காரணம். மாத்திரையில் என்னென்ன சேர்ந்திருக்கிறது, எத்தனை நாளைக்கு என்று கேட்பதில் தவறே இல்லை.

முதல் சில வாரங்கள்

குமட்டல், தலைவலி, பதற்றம் போன்ற தொல்லைகள் முதல் வாரத்திலேயே வந்துவிடும். மனம் தெளிவதற்கோ 2 முதல் 4 வாரங்கள் ஆகலாம். 'இது நமக்கு ஒத்துக்கலை' என்று பலரும் கைவிடுவது இந்த இடைவெளியில்தான். பெரும்பாலான தொல்லைகள் ஓரிரு வாரங்களில் தணிந்துவிடும். தாம்பத்தியத்தில் ஆர்வக் குறைவு மாதிரி சில மட்டும் நீடிக்கலாம். வெட்கப்படாமல் சொன்னால் மருந்தை மாற்ற வழி இருக்கிறது.

பிள்ளைகள், இளைஞர்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். 2004-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு குழந்தைகள், பதின்பருவத்தினர் தொடர்பான பரிசோதனைகளை ஆராய்ந்தது. தற்கொலை எண்ணமோ முயற்சியோ வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 2 சதவிகிதம் பேருக்கும், மருந்து சாப்பிட்டவர்களில் 4 சதவிகிதம் பேருக்கும் இருந்தது. அந்தப் பரிசோதனைகளில் உயிரிழப்பு எதுவும் நடக்கவில்லை. அதன்பின் மருந்துடன் தரப்படும் தகவல் குறிப்பில் கட்டம் கட்டிய எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. 2007-ல் அது 24 வயது வரை நீட்டிக்கப்பட்டது. இதைப் படித்துவிட்டு மருந்தே வேண்டாம் என்று முடிவெடுப்பதும் ஆபத்துதான். கவனிக்கப்படாத மனச்சோர்வும் உயிரைப் பறிக்கும். ஆரம்ப வாரங்களிலும் டோஸ் மாறும்போதும் வீட்டில் ஒருவர் உடனிருந்து கவனிப்பதும், மாத்திரைகளைத் தம் பொறுப்பில் வைத்துக்கொள்வதும்தான் சரியான வழி.

முதல் மருந்திலேயே முழுக்கக் குணமாகாவிட்டால் மனம் தளர வேண்டாம். அமெரிக்காவில் நடந்த 'ஸ்டார் டி' ஆய்வில், முதல் மருந்தில் முழு நிவாரணம் பெற்றவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர்தான். மற்றவர்களுக்கு மருந்தை மாற்றியும் சேர்த்தும் பார்த்தார்கள்.

நன்றாக ஆனபிறகும் பொதுவாகக் குறைந்தது 6 மாதங்களாவது தொடரச் சொல்வார்கள். நிறுத்தும்போது படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். பராக்ஸிடின், வென்லாஃபாக்ஸின் இரண்டையும் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், உடம்பில் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு வரக்கூடும். லேசான மனச்சோர்வுக்கு மாத்திரையே தேவைப்படாமல், பேச்சுவழிச் சிகிச்சை மட்டுமே போதுமானதாகவும் இருக்கலாம்.

டாக்டரிடம் போகும்முன்

* சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். சித்த, ஆயுர்வேத மருந்துகளும் அதில் இருக்கட்டும்.
* இதயம், கல்லீரல், வலிப்பு, கண் அழுத்தம், கர்ப்பம், மதுப்பழக்கம் எதையும் மறைக்காதீர்கள்.
* முன்பு எந்த மாத்திரை கேட்டது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதி வையுங்கள். ரத்த உறவினருக்குக் கேட்ட மருந்தையும் சொல்லலாம். அது ஒரு தகவல் மட்டுமே.
* பலன் எப்போது தெரியும், எந்த அறிகுறி வந்தால் உடனே வர வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் தலைதூக்கினால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம். மத்திய அரசின் 'டெலி மானஸ்' இலவச எண் 14416-ல் 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம்.