பழைய கணினியைத் தூக்கிப் போட வேண்டுமா?

கணினிக் களம்: வாசகர் கேள்வி பதில்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. அதன்பிறகு இந்தப் பகுதிக்கு வரும் கேள்விகள் பெரும்பாலும் அதைச் சுற்றியே இருக்கின்றன. இந்த இதழில் விருத்தாசலம் வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். மற்ற ஊர்க்காரர்களுக்கும் இதே பதில்கள் பொருந்தும்.

‘‘முந்திரியும் மணிலாவும் பயிர் செய்கிறோம். 2016-ல் வாங்கிய கணினியில் கூலிக் கணக்கு, விற்பனைச் சீட்டுகள், பத்திரங்களின் ஸ்கேன் எல்லாம் இருக்கின்றன. ‘விண்டோஸ் 10 முடிந்துவிட்டது, இது இனி வேலைக்கு ஆகாது, புதுசு வாங்குங்கள்’ என்று கடையில் சொல்கிறார்கள். உண்மையா?’’
- விவசாயி, முதனை.

பாதி உண்மை. விண்டோஸ் 10 முடிந்துவிட்டது என்பது சரி. ஆனால், உங்கள் கணினி நேற்று ஓடியது போலவே இன்றும் ஓடும். முடிந்துபோனது, பாதுகாப்பு அப்டேட்தான். வேலியில் புதிதாக விழும் ஓட்டைகளை இதுவரை மைக்ரோசாஃப்ட் மாதாமாதம் அடைத்து வந்தது. இனி அடைக்காது. இணையத்தில் இணைக்காமல் வெறும் கணக்கு எழுதும் கணினிக்கு இதனால் பெரிய ஆபத்து இல்லை. அதே கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்கிறீர்கள், மெயில் பார்க்கிறீர்கள் என்றால், கவனிக்காமல் விட முடியாது.

எந்த முடிவு எடுப்பதற்கு முன்பும் ஒரு வேலையை முடித்துவிடுங்கள். கணினியில் உள்ள கணக்கு, ஸ்கேன், போட்டோ எல்லாவற்றையும் ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுங்கள். இன்னொரு நகல் பென் டிரைவில் இருக்கட்டும். இரண்டையும் ஒரே பீரோவில் வைக்காமல், ஒன்றை உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள். பட்டா, சிட்டாவை அரசு இணையதளத்தில் மறுபடியும் எடுத்துக்கொள்ளலாம். வில்லங்கச் சான்றையும் பதிவுத்துறை தளத்தில் பெறலாம். ஒன்பது வருஷக் கூலிக் கணக்கை எந்தத் தளத்திலும் திரும்ப எடுக்க முடியாது. சிஸ்டம் மாற்றும்போது நடக்கும் பெரிய இழப்பு, நகல் இல்லாமல் கடையில் கொடுத்து ‘ஃபார்மெட்’ ஆகிப் போகும் கோப்புகள்தான்.

அடுத்து, உங்கள் கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்குமா என்று பாருங்கள். மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ‘பி.சி. ஹெல்த் செக்’ என்ற சிறிய மென்பொருளை இறக்கி ஓட்டினால் அதுவே சொல்லிவிடும். 4 ஜி.பி. ரேம், 64 ஜி.பி. இடம், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு ஆகியவை வேண்டும். பிராசஸர் இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ம் தலைமுறை அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 8-ம் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017-ல்தான். அதனால், 2016-ல் வாங்கிய உங்கள் கணினிக்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடைக்காது. குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அப்படி ஏற்றிய கணினிக்கு அப்டேட் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. எந்தக் காரணத்துக்காக மாற்றுகிறோமோ, அதுவே அடிபட்டுப் போகும்.

2018-க்குப் பிறகு கணினி வாங்கிய வாசகர்கள், ‘ஏற்காது’ என்று வந்தாலும் உடனே நம்பிவிட வேண்டாம். பல கணினிகளில் டி.பி.எம். சில்லு இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் ‘டி.பி.எம். டாட் எம்.எஸ்.சி.’ என்று ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள். சில்லு இல்லை என்று வந்தால், பயாஸ் பகுதிக்குள் போய் அதை இயக்க முடியுமா என்று தெரிந்தவரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அசல் விண்டோஸ் 10 உள்ள கணினிக்கு 11 இலவசம். இதற்குத் தனியாக உரிமக் கட்டணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

உங்களுக்கு இப்போது இரண்டு வழிகள் இருக்கின்றன. முதலாவது, நீட்டிப்புத் திட்டம். வீட்டு உபயோகக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் பெறலாம். ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘அப்டேட் அண்டு செக்யூரிட்டி’க்குள் ‘விண்டோஸ் அப்டேட்’ பக்கத்தைத் திறந்தால், பதிவு செய்வதற்கான இணைப்பு இருக்கும். கணினியில் விண்டோஸ் 10-ன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்றும் வேண்டும். அந்தக் கணக்கில் செட்டிங்ஸை பேக்கப் செய்யச் சம்மதித்தால் கட்டணம் இல்லை. இது வீடுகளுக்கு மட்டும்தான். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் போன்ற அமைப்புகளுக்குத் தனிக் கட்டணத் திட்டம் உண்டு.

இரண்டாவது வழி, லினக்ஸ். அதை அடுத்த கேள்வியில் பார்ப்போம்.

உங்களுக்கு என் யோசனை இதுதான். நீட்டிப்பில் இப்போதே பதிவு செய்துகொள்ளுங்கள். இது முந்திரி பூவெடுக்கும் நேரம். கையில் இருக்கும் காசு மருந்துக்கும் கூலிக்கும் தேவைப்படும். அக்டோபர் வரை அவகாசம் கிடைத்துவிட்டால், முந்திரிக்கொட்டை விற்ற பிறகு நிதானமாக முடிவு செய்யலாம். அவசரத்தில் வாங்கும் கணினியும் அவசரத்தில் வாங்கும் மாடும் ஒன்றுதான். பல்லைப் பிடித்துப் பார்க்க நேரம் இருக்காது.

‘‘மகள் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப் சும்மா கிடக்கிறது. விண்டோஸ் 7 இருக்கிறது. ஆன் செய்தால் ‘பாஸ்’ என்று இன்னொரு பெயரும் வருகிறது. இதை எதற்காவது பயன்படுத்த முடியுமா?’’
- வாசகி, மங்கலம்பேட்டை.

தாராளமாகப் பயன்படுத்தலாம் அம்மா. தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கியது. அந்த லேப்டாப்களில் விண்டோஸோடு ‘பாஸ்’ லினக்ஸும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. இது மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய இயங்குதளம். தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்காகவே தயாரானது. ஆனாலும், பெரும்பாலான பிள்ளைகள் விண்டோஸை மட்டுமே திறந்தார்கள். வீட்டிலேயே இருந்த ஒரு சிஸ்டத்தை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை.

விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. அதில் வங்கி வேலை எதுவும் செய்யாதீர்கள். அந்த லேப்டாப்பில் உள்ள பழைய ‘பாஸ்’ பதிப்புக்கும் வயதாகிவிட்டது. அதனால், புதிய பதிப்பு ‘பாஸ்’ அல்லது ‘லினக்ஸ் மின்ட்’டின் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பை ஏற்றலாம். இரண்டும் இலவசம். மின்ட் ஓடுவதற்குக் குறைந்தது 2 ஜி.பி. ரேம், 20 ஜி.பி. இடம், 64 பிட் பிராசஸர் வேண்டும். 4 ஜி.பி. ரேம் இருந்தால் நன்றாக ஓடும்.

லினக்ஸில் ஒரு வசதி உண்டு. பென் டிரைவில் இருந்தபடியே அதை ஓட்டிப் பார்க்கலாம்; லேப்டாப்பில் உள்ள எதையும் அது அழிக்காது. வைஃபை பிடிக்கிறதா, பிரின்டர் வேலை செய்கிறதா, தமிழ் எழுத்து சரியாகத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, திருப்தி என்றால் மட்டும் ஏற்றுங்கள். கூடவே பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. ஒன்றைப் போட்டால், திறக்கவே பல நிமிடம் எடுத்த லேப்டாப் சட்டென்று திறக்கும். அதன் செலவு, புது லேப்டாப் விலையில் சிறு பகுதிதான்.

இதில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் தளம் பார்க்கலாம். ‘இ-நாம்’ விலை நிலவரம் பார்க்கலாம். ‘லிப்ரே ஆஃபீஸ்’ மூலம் வரவு செலவு எழுதலாம். வரி, கணக்குக்காக ‘டேலி’ வைத்திருப்பவர்களும், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் பயன்படுத்துபவர்களும் மட்டும் லினக்ஸுக்கு மாறுவதற்கு முன் யோசிக்க வேண்டும். அவை விண்டோஸை நம்பியே இருக்கின்றன.

‘‘விண்டோஸ் 11 உள்ள புது லேப்டாப் வாங்கியிருக்கிறேன். போன் ஹாட்ஸ்பாட்டில்தான் இணையம். காலையில் ஆன் செய்தால் மதியத்துக்குள் டேட்டா தீர்ந்துவிடுகிறது. இதை எப்படி உருப்படியாகப் பயன்படுத்துவது?’’
- இளம் விவசாயி, கம்மாபுரம்.

டேட்டாவைத் தின்பது உங்களுக்குத் தெரியாமல் இறங்கும் அப்டேட்கள்தான். ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘நெட்வொர்க்’ போய், உங்கள் ஹாட்ஸ்பாட்டின் பெயரைத் திறந்து, ‘மீட்டர்டு கனெக்‌ஷன்’ என்பதை ஆன் செய்யுங்கள். பெரிய அப்டேட்கள் நின்றுவிடும். அதற்காக ஒரேயடியாக நிறுத்தி வைக்கக் கூடாது. மாதம் ஒருமுறை பிராட்பேண்ட் உள்ள இடத்துக்குக் கொண்டுபோய் அப்டேட் செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது, எல்லோரும் கவனிக்காமல் விடும் விஷயம். புதிய விண்டோஸ் 11 லேப்டாப்களில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே டிஸ்க்கைப் பூட்டிவிடும் வசதி பெரும்பாலும் தானாகவே இயங்கிவிடுகிறது. திருடு போனால் யாரும் திறக்க முடியாது என்பது நல்லதுதான். ஆனால், பழுது பார்க்கும்போது 48 இலக்க மீட்புச் சாவியை அது கேட்கலாம். சாவி இல்லை என்றால் உங்கள் கோப்பு உங்களுக்கே கிடைக்காது. அந்தச் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். இன்றே அதைப் பார்த்து நோட்டில் எழுதி, பத்திரம் வைக்கும் இடத்தில் வையுங்கள். அந்தக் கணக்கோடு இணைக்கும் போன் எண், நீங்கள் மாற்றாத எண்ணாக இருக்கட்டும்.

‘ஒன் டிரைவ்’ பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். டெஸ்க்டாப்பில் வைக்கும் கோப்புகளை அது தானாக இணையத்துக்கு ஏற்றும். இலவச இடம் 5 ஜி.பி. மட்டுமே. வயல் வீடியோ நாலைந்து போட்டாலே நிறைந்துவிடும். வேண்டாம் என்றால் அதன் செட்டிங்ஸில் பேக்கப்பை நிறுத்திவிட்டு, வெளி டிஸ்க்கில் நகல் எடுங்கள்.

இனி, தினசரி உதவும் சில வழிகள்:

விண்டோஸ் கீயோடு ‘வி’ அழுத்தினால், கடைசியாக நகலெடுத்த பல விஷயங்கள் வரிசையாக வரும். சர்வே எண், ஆதார் எண், கணக்கு எண் என்று மாறி மாறி ஒட்ட வேண்டிய விண்ணப்பங்களுக்கு இது பெரிய உதவி. பொது இடத்துக் கணினியில் மட்டும் இதை ஆன் செய்யாதீர்கள்.

விண்டோஸ் கீயோடு ‘இசட்’ அழுத்தினால் திரையை இரண்டாகப் பிரிக்கலாம். ஒரு பக்கம் விலை நிலவரம், மறு பக்கம் உங்கள் கணக்கு.

விண்டோஸ் கீ, ஷிஃப்ட், ‘எஸ்’ மூன்றையும் சேர்த்து அழுத்தினால், திரையில் வேண்டிய பகுதியை மட்டும் படம் எடுக்கலாம். பணம் கட்டியதற்கான ரசீது எண் திரையில் வந்ததும் இதைச் செய்துவிடுங்கள். பிரின்டர் இல்லாவிட்டாலும் சாட்சி இருக்கும்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தி, ‘ஸ்டார்ட்அப்’ பகுதியில் தேவையில்லாதவற்றை நிறுத்துங்கள். லேப்டாப் சீக்கிரம் திறக்கும்.

‘‘எங்கள் உழவர் மன்றத்தின் பழைய தீர்மானங்கள், மனுக்கள் எல்லாம் புதுக் கணினியில் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகத் தெரிகின்றன. கோப்பு கெட்டுவிட்டதா?’’
- மன்றச் செயலாளர், கருவேப்பிலங்குறிச்சி.

கெடவில்லை. அவை ‘வானவில்’, ‘பாமினி’ போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் இப்படித்தான் தெரியும். பழைய கணினியை விற்பதற்கு முன், அதில் விண்டோஸ் போல்டருக்குள் உள்ள ‘ஃபான்ட்ஸ்’ போல்டரில் இருந்து அந்த எழுத்துருக்களைப் பென் டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். புதியதில் போட்டதும் கோப்புகள் தமிழில் தெரியும்.

ஆனால், அது தற்காலிகத் தீர்வுதான். தமிழக அரசே 2010-ல் யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது. முக்கியமான கோப்புகளை ‘என்.எச்.எம். கன்வெர்ட்டர்’ போன்ற இலவச மென்பொருள் மூலம் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். பிறகு போனிலும் படிக்கலாம், ஊர்ப் பெயரைத் தட்டித் தேடவும் செய்யலாம். இனிமேல் தட்டச்சு செய்ய, ‘லாங்குவேஜ்’ பகுதியில் தமிழைச் சேர்த்தால் போதும். தமிழ் 99 விசைப்பலகை விண்டோஸிலேயே இருக்கிறது. உச்சரிப்பை ஆங்கிலத்தில் தட்டித் தமிழாக்கும் முறையும் உண்டு. விண்டோஸ் கீயோடு ஸ்பேஸ் அழுத்தினால் தமிழும் ஆங்கிலமும் மாறும்.

‘‘பீங்கான் தொழிற்பேட்டை அருகில் வீடு. பயிர் வேலையோடு அகல் விளக்கும் செய்கிறோம். கணினி அடிக்கடி சூடாகி நின்றுவிடுகிறது. புது சிஸ்டம் போட்டால் சரியாகுமா?’’
- வாசகர், விருத்தாசலம்.

சிஸ்டத்தை மாற்றுவதற்கு முன் மூடியைத் திறந்து பாருங்கள். களிமண் தூசு மிக நுண்மையானது. காற்றாடியிலும் அதன் பின்னால் உள்ள தகடுகளிலும் படிந்தால் சூடு வெளியேறாது. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, காற்றாடி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, புளோயரால் ஊதிச் சுத்தம் செய்யுங்கள். ஈரத்துணி கூடாது. மண் பிசையும் இடத்தையும் சூளையையும் விட்டு, தரையில் இருந்து உயர்த்தி வையுங்கள். சுத்தம் செய்த பிறகும் நின்றால், பழுது பார்ப்பவரிடம் பிராசஸர் பேஸ்ட்டை மாற்றச் சொல்லுங்கள்.

எல்லா வாசகர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. ‘மைக்ரோசாஃப்டில் இருந்து பேசுகிறோம், உங்கள் விண்டோஸ் 10 காலாவதியாகிவிட்டது’ என்று யாராவது போன் செய்தால் துண்டித்துவிடுங்கள். அந்த நிறுவனம் தானாக யாருக்கும் இப்படிப் போன் செய்வதில்லை. ‘எனிடெஸ்க்’ போன்ற செயலியை ஏற்றச் சொன்னால், உங்கள் திரையையே அவர்கள் கையில் கொடுத்தது போலாகும். பணம் போய்விட்டால், வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்தப் பணத்தை வழியிலேயே நிறுத்துவதற்கான வாய்ப்பு அவ்வளவு அதிகம்.