ஆணியில்லா வீட்டின் பெருமை

நிலநடுக்கச் செய்தி எங்கிருந்து வந்தாலும், இரண்டு நாளில் வாட்ஸ்அப்பில் அந்தப் படம் வந்துவிடும். ஜப்பானின் பழைய மர வீடு. ஓர் ஆணிகூட அடிக்காமல் கட்டியது, பூமி ஆடினால் மூங்கில் போல வளைந்து கொடுக்கும், நம்மைக் கொல்வது கான்கிரீட்தான் என்று நாலு வரி. முத்தாய்ப்பாக, நம் முன்னோர்கள் முட்டாள்கள் இல்லை. முட்டாள்கள் இல்லைதான். அதை நிரூபிக்க இந்தப் பொய் எதற்கு?

1995 ஜனவரி 17, அதிகாலை 5.46. மேற்கு ஜப்பானின் கோபே நகரம் தூக்கத்தில் இருந்தபோது நிலம் ஆடியது. 6,434 பேர் இறந்தார்கள். பக்கவாட்டில் சாய்ந்து கிடந்த மேம்பாலச் சாலையைத்தான் உலகம் படத்தில் பார்த்தது. ஆனால் இறந்தவர்களில் பெரும்பாலோர் நசுங்கியும் மூச்சுத் திணறியும் போனது சொந்த வீட்டுப் படுக்கையில், பழைய மர வீடுகளுக்கு அடியில். மாடி அப்படியே கீழே இறங்கித் தரைத்தளத்தை அமுக்கியது. பாதிக்கு மேற்பட்டோர் அறுபது வயதைத் தாண்டியவர்கள்.

ஏன் விழுந்தன? மேற்கு ஜப்பானுக்குப் பழகிய எதிரி புயல். காற்று தூக்கிவிடாதபடி கூரையில் சேற்றைப் பரப்பி, அதன்மேல் கனத்த ஓடுகளைப் பதித்தார்கள். புயலுக்கு அது சரியான வைத்தியம், நிலநடுக்கத்துக்கு விஷம். தரை நகரும்போது கூரை இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும். எடை கூடக் கூட அந்தப் பிடிவாதமும் கூடும். இழுபறி முழுவதும் தூண்களின் தலையிலும் காலிலும் வந்து விழும். அதைத் தாங்கச் சுவர் வேண்டும். இருந்ததோ கோடைக்காற்றுக்காக வைத்த நகரும் கதவுகள். தெருப்பக்கம் கடை என்றால் முன்பக்கம் முழுத் திறப்பு. ஆணியில்லாமல் செருகிய மூட்டு என்று நாம் மெச்சுகிறோமே, குலுங்கியபோது அடிக்கட்டையிலிருந்து தூண் அந்த மூட்டோடு உருவிக்கொண்டு வந்தது. மிச்சத்தைக் கரையானும் ஈரமும் முன்பே தின்றிருந்தன.

மரத்தைக் குறை சொல்லவில்லை. 1981-இல் ஜப்பான் தன் கட்டட விதிகளை இறுக்கியது. அதன்பின் கட்டிய மர வீடுகளும் அதே கோபேயில்தான் இருந்தன. அவற்றில் சரிந்தவை மிகக் குறைவு. கோபே நிலநடுக்கத்துக்குப் பத்தாண்டு கழித்து, 2005-இல், அருகிலுள்ள மிக்கி நகரின் ராட்சத அதிர்வு மேடையில் ஒரே காலத்தில் கட்டப்பட்ட இரண்டு பழைய மர வீடுகளைப் அருகருகே நிறுத்தினார்கள். ஒன்றில் மட்டும் சுவர்களையும் மூட்டுகளையும் பலப்படுத்தியிருந்தார்கள். கோபேயில் பதிவான அதிர்வைக் கொடுத்ததும் மற்றது மடங்கி விழுந்தது, பலப்படுத்தியது நின்றது. இரண்டும் ஒரே மரபுதான்.

'அப்படியானால் ஜப்பானின் ஹோர்யூஜி கோயில் மரக் கோபுரம்?' என்பார்கள். ஆயிரத்து முந்நூறு ஆண்டாக நிற்கிறதே! நிற்கிறது. ஆனால் அது யாரும் குடியிருக்காத ஐந்தடுக்குக் கோபுரம், வீடல்ல. போன நூற்றாண்டில் அதைப் பிரித்து, பழுது பார்த்து, மறுபடி பூட்டினார்கள். அந்தப் பராமரிப்பு எந்தக் குடியானவன் வீட்டுக்குக் கிடைத்தது? விழுந்த வீடுகளை அள்ளிப் போட்டுவிட்டோம். நின்றவற்றை மட்டும் படம் பிடித்து, பழசெல்லாம் நிற்கும் என்கிறோம்.

உண்மையிலேயே மெச்சத் தகுந்த மரபு காஷ்மீரில் இருக்கிறது. 'தஜ்ஜி தேவாரி' என்பார்கள், ஒட்டுத்துணிச் சுவர் என்று பொருள். மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்கும் மூலைவிட்டமாகவும் அடித்து, சுவரைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, சிறு கல்லும் மண்ணும் அடைப்பார்கள். குலுங்கும்போது கட்டத்துக்குள் விரிசல் விடும். உராய்ந்து உராய்ந்தே அதிர்வைச் செரித்துவிடும். 2005 அக்டோபர் நிலநடுக்கத்தில் கனத்த கல் வீடுகள் குவியலாகச் சரிந்த பகுதியில் இவை தாக்குப்பிடித்தன. பாகிஸ்தான் அரசும் மறுகட்டுமானத்துக்கு இந்த முறையை ஏற்றது. கவனியுங்கள், இதில் ஆணி உண்டு.

கோபேக்குப் பிறகும் ஜப்பானிலேயே பாடம் முழுதாக இறங்கவில்லை. 2024 புத்தாண்டு நாள், மாலை 4.10. நோட்டோ தீபகற்பத்தில் 7.6 அளவு நிலநடுக்கம். பண்டிகைக்கு ஊர் திரும்பிய பிள்ளைகள் பெற்றோருடன் வீட்டில் இருந்த நேரம். கருப்பு ஓடு வேய்ந்த, பார்க்க அத்தனை அழகான மர வீடுகள் வரிசையாகக் கூரை மட்டும் தரையில் தெரியும்படி அமிழ்ந்தன. அவற்றில் பல 2023 மே மாத நடுக்கத்தைத் தாங்கி நின்றவை. தாங்கிவிட்டது என்று நம்பித்தான் மக்கள் உள்ளே இருந்தார்கள். அந்தத் தீபகற்பத்தின் சுசு நகரில் நிலநடுக்கத் தகுதி பெற்றிருந்த வீடுகள் அப்போது ஏறக்குறைய பாதிதான்.