கையில வெண்ணெய், திரையில ஒத்த ஜன்னல்!

மக்களே, இன்னைக்குக் கொஞ்சம் காரமான பதிவு.

பி.காம். படிக்கிற நமக்கு டேலி தெரியும், எக்செல் தெரியும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு வேலை பார்க்கத் தெரியுமா? எதைத் திறந்தாலும் உடனே திரை முழுக்க விரிச்சாகணும் நமக்கு. அப்புறம் பில்லைப் பார்க்கச் சுருக்கு, தொகையை மனசுல வெச்சுக்கோ, டேலியை விரி, மறந்துடுச்சா, மறுபடி சுருக்கு!

புதுக்கோட்டையில ஓர் ஆடிட்டர் ஆபீஸுக்கு வேலை பழகப் போனப்ப, இப்படித்தான் 8,450 ரூபாயை 4,850ன்னு பதிஞ்சு வெச்சேன். வித்தியாசம் 3,600. "ஒன்பதால வகுபடுது, இலக்கம் இடம் மாறியிருக்கும் தம்பி"ன்னு அங்கிருந்த வயசான கணக்கர் ரெண்டே நிமிஷத்துல பிடிச்சுட்டார். அவர் காலத்துல பில்லும் பேரேடும் மேசையில ஒண்ணா விரிஞ்சு கிடக்குமாம். கம்ப்யூட்டர் வந்து நம்மளைப் பின்னாடி தள்ளிடுச்சா?

கம்ப்யூட்டரைக் குத்தம் சொல்லாதீங்க. 1985ல வந்த முதல் விண்டோஸ்ல ஜன்னல்கள் பக்கத்துல பக்கத்துலதான் நிக்கும். ஒண்ணு மேல ஒண்ணு ஏறினது 1987ல, ரெண்டாம் பதிப்புல. அடுக்கற வசதி வந்ததும் பரப்பி வைக்கிறதை மறந்தது நாமதான். விண்டோஸ் கீயோட இடது அம்பை அமுக்குங்க, ஜன்னல் பாதித் திரையில போய் ஒட்டிக்கும். இது 2009லேர்ந்தே இருக்கு!

"நிறைய ஜன்னல் இருந்தா கவனம் சிதறும்"னு ஒரு கூட்டம் சொல்லும். அதுக்குத்தான் மெய்நிகர் மேசை. கண்ட்ரோல், விண்டோஸ், டி மூணையும் சேர்த்து அமுக்கினா புதுசா ஒரு மேசை. ஒண்ணுல டேலியும் பில்லும், இன்னொண்ணுல பாடம், மூணாவதுல கிரிக்கெட் ஸ்கோர் :-)

விண்டோஸுக்கு இது 2015லதான் வந்துச்சு. ஆனா லினக்ஸ்ல அதுக்கு ரொம்ப முன்னாடியே உண்டு. 2011ல தொடங்கின அரசு இலவச லேப்டாப்புல விண்டோஸோட சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸும் வந்துச்சே! எங்க அக்கா லேப்டாப்புல அதை ஒரு நாள்கூடத் திறக்காம, 'இடத்தை அடைக்குது'ன்னு அழிச்சோம். கையில வெண்ணெயை வெச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்ச கதை.

"ரெண்டாவது மானிட்டர் வாங்கிக்கோ"ன்னு சொல்றவங்களுக்கு: ஆலங்குடியிலேர்ந்தும் அறந்தாங்கியிலேர்ந்தும் பஸ் பிடிச்சு வர்ற பசங்க எதை வித்து வாங்குறது? முதல் லேப் வகுப்புல அரை மணி நேரம் இதைச் சொல்லிக் கொடுங்க, போதும். காலணா செலவில்லை.

அதுவரைக்கும் நாமளே பழகுவோம் மக்களே. ஒன்பதால வகுத்துப் பார்க்கத் தெரிஞ்ச பெரியவர் எல்லா ஆபீஸ்லயும் இருக்க மாட்டார்.