வால்வை உடைக்காதீர்கள், அதற்குள் லட்சமும் இல்லை, பாதரசமும் இல்லை

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகக் கடைசி வரை படியுங்கள்.

இந்த மாதம் மட்டும் மூன்று பேர் எனக்கு ஒரே வீடியோவை அனுப்பியிருக்கிறீர்கள். பழைய வால்வு ரேடியோவிலும் வால்வு ஆம்ப்ளிஃபயரிலும் 'சிவப்புப் பாதரசம்' இருக்கிறதாம். பூண்டைக் கண்டால் விலகி ஓடுமாம், தங்கத்தைக் கண்டால் ஒட்டுமாம். ஒரு வால்வு பத்து லட்சமாம். "மாமா, உங்க வீட்ல ஒண்ணு இருக்கே, தள்ளி விட்றலாமா?" என்று என் தங்கை மகனே கேட்கிறான். இன்ஜினியரிங் படித்தவன்!

சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒருவன், அவன் அப்பா வைகாசித் திருவிழாவுக்கு வருஷா வருஷம் மைக்செட் போட்ட ஆம்ப்ளிஃபயரின் நாலு வால்வையும் துணியில் சுற்றிச் சுத்தியலால் உடைத்திருக்கிறான். அதற்கு முன்பே 'டெஸ்டிங் சார்ஜ்' என்று எவனுக்கோ பதினைந்தாயிரம் கட்டியிருக்கிறான். பெயர் சொல்ல மாட்டேன். ஏமாந்தவன் அவன் ஒருவன் மட்டும் இல்லை. 2009ல் சவுதி அரேபியாவில் இதே கதையைப் பழைய சிங்கர் தையல் மிஷினை வைத்துச் சொன்னார்கள். ஜனங்கள் போட்டி போட்டு வாங்கினார்கள். நம் ஊர்ப்பக்கம் இரிடியம் கலசம், மண்ணுளிப் பாம்பு என்று வந்தது. சரக்குதான் மாறுகிறது. முதலில் உங்களிடம் பணம் கேட்பது மட்டும் மாறுவதே இல்லை.

சரி, வால்வுக்குள் என்னதான் இருக்கிறது? பெரும்பாலும் ஒன்றுமே இல்லை. காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றிடம். நடுவில் சூடேறும் கேத்தோடு. அதன்மேல் பேரியம், ஸ்ட்ரான்சியம் ஆக்சைடு பூச்சு. சூடானால் எலக்ட்ரான் கிளம்பும். சுற்றி ஒரு கம்பி வலை, அதற்கு வெளியே ஒரு தகடு. பேரணை மதகில் ஒரு ஆள் ஷட்டரைத் திருகினால் வாய்க்கால் தண்ணீர் முழுவதும் கட்டுப்படுகிறதல்லவா? அதே வேலையை அந்த வலை செய்கிறது. மைக்கில் வரும் சின்ன மின்துடிப்பு, பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடுகிறது. வால்வு என்ற பெயர் அதற்குப் பொருத்தம்தான்.

கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளி பூசியது போல மின்னுமே, அதைத்தான் பாதரசம் என்கிறான் வீடியோக்காரன். அது பேரியம். மிச்சமிருக்கும் காற்றை விழுங்குவதற்காகப் பூசியது. கண்ணாடியில் விரிசல் விட்டுக் காற்று புகுந்தால் பால் போல வெளுத்துவிடும். தம்பி, நீ உடைத்த துண்டுகளை எடுத்துப் பார். வெளுத்திருக்கும்.

பாதரச ஆவி ரெக்டிஃபயர் என்று ஒரு வால்வு வகை உண்டு, மறுக்கவில்லை. அதில் இருப்பது பழைய தெர்மாமீட்டரில் இருக்கும் அதே வெள்ளைப் பாதரசம்தான். சிவப்பு வேண்டுமா? பாதரசமும் கந்தகமும் சேர்ந்த சாதிலிங்கம் சிவப்புதான். சித்த மருத்துவம் படித்தவரைக் கேளுங்கள். அது ஓடாது, பூண்டுக்குப் பயப்படாது. பாதரசம் புதையல் இல்லை, நஞ்சு. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001ல் எதற்காக மூடப்பட்டது என்று தேடிப் படியுங்கள்.

இன்னொன்று. வெளிநாட்டில் கிடார் வாசிப்பவர்கள் மார்ஷல், ஃபெண்டர், வாக்ஸ் என்று பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர்களை இன்றும் நல்ல விலை கொடுத்து வாங்குகிறார்கள். சத்தத்தைக் கூட்டும்போது வால்வு நறுக்கென்று வெட்டாமல் மெதுவாக உருட்டிக் கொடுக்கும். அந்த நாதத்துக்குத்தான் விலை. உள்ளே பத்து லட்சம் இருந்தால் முதலில் அவர்கள் அல்லவா உடைத்திருப்பார்கள்?

என் ஆம்ப்ளிஃபயரை மைக்செட் தொழிலை விட்ட ஒருவரிடம் வாங்கி எட்டு வருஷம் ஆகிறது. இரண்டு ஈ.எல்.34, இரண்டு ஈ.சி.சி.83. நம்ம தென்கரை டி.ஆர். மகாலிங்கம் அதில் பாடினால் கூடத்தில் நின்று பாடுவது போல இருக்கும். வாங்க ஆசைப்படுகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்:

1. டிரான்ஸ்ஃபார்மர் கருகிய வாசனை அடித்தால் வாங்காதீர்கள். வால்வு புதிதாகக் கிடைக்கும். ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனாவில் இன்றும் செய்கிறார்கள். நல்ல டிரான்ஸ்ஃபார்மர்தான் கிடைக்காது.

2. வாங்கியதும் நேரே பிளக்கில் சொருகாதீர்கள். மெக்கானிக்கிடம் கொடுத்துப் பழைய கண்டன்சர்களை மாற்றி, எர்த் வயர் போட்டு, சீரிஸ் பல்ப் வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

3. ஸ்பீக்கர் இணைக்காமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

4. உள்ளே 400 வோல்ட் வரை இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் நிற்கும். தெரியாமல் கை வைத்தால் உயிர் போகும்.

பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸில் நம் ஆட்கள் வால்வு செய்தார்கள். ஊர் ஊராக மெக்கானிக்குகள் பள்ளிக்கூடம் தாண்டாமலே அதைப் பழுது பார்க்கக் கற்றார்கள். அந்த உழைப்பைத்தான் சுத்தியலால் உடைக்கிறோம். ஷோகேஸில் பொம்மையாக வைப்பதும் எனக்குப் பிடிக்காது. ஓட வேண்டிய சாமான் ஓட வேண்டும்.

ஆகவே அந்த வீடியோவை அழித்துவிடுங்கள். அனுப்பியவருக்கு இந்தப் பதிவை அனுப்புங்கள். யாராவது முன்பணம் கேட்டால் போலீஸில் சொல்லுங்கள். வீட்டில் பழைய செட் பரணில் கிடந்தால் என்னிடம் சொல்லுங்கள், நல்ல மெக்கானிக்கைக் காட்டுகிறேன். உடைத்தவனுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வா தம்பி, டிரான்ஸ்ஃபார்மர் நன்றாக இருந்தால் வால்வு போட்டுக்கொள்ளலாம்.

உங்கள் பழைய அறிவியல் வாத்தியார்,
சோழவந்தான்.