குண்டு தந்த வெற்றியா?

வேட்பாளர் ஒருவர் சுடப்பட்டால், "அனுதாபத்தில் வென்றுவிட்டார்" என்று கணக்கை முடித்துவிடுவது சிலருக்கு வழக்கம். 2024-ல் அமெரிக்காவில் டிரம்ப் சுடப்பட்டபோது அச்சரப்பாக்கம் தேநீர்க் கடையிலும் இதே பேச்சுத்தான். அத்தோடு 1967-ஐயும் வம்புக்கு இழுத்தார்கள். விடுவோமா நாம்?

1967 சனவரி 12. பரங்கிமலைத் தொகுதியின் தி.மு. கழக வேட்பாளர் எம்.ஜி.ஆர். இராமாவரம் தோட்டத்தில் சுடப்பட்டார். சுட்டவர் நடிகர் எம்.ஆர். இராதா, தம்மையும் சுட்டுக்கொண்டார். மருத்துவமனை வாயிலில் ஏழை எளியோர் அழுதபடி காத்துக் கிடந்தனர். கழுத்துக் கட்டோடு எடுத்த படம் சுவரொட்டியாகி ஊர் ஊராகப் போயிற்று. படுக்கையில் இருந்தபடியே வென்றார், 27,000 வாக்குகளுக்கு மேல் வித்தியாசத்தில். அதில் அனுதாபமே இல்லை என்று நாம் சாதிக்கவில்லை.

ஆனால், அன்றைய அதே செங்கற்பட்டு மாவட்டத்தில், திருப்பெரும்புதூரில், முதலமைச்சர் பக்தவத்சலனார் தோற்றாரே! அவரை வீழ்த்தியது எந்தக் குண்டு? விருதுநகரில் காமராசரே மாணவர் தலைவர் சீனிவாசனிடம் தோற்றாரே! அரிசிக்கு வரிசையில் நின்ற தாய் போட்ட வாக்கு அது. 1965 மொழிப்போரில் மகனைப் பறிகொடுத்த தகப்பன் போட்ட வாக்கு. கழகம் பெற்ற 137 இடங்களையும் ஒரு சுவரொட்டியா வாங்கிக் கொடுத்தது?

இராதா பெரியாரின் தொண்டர். பெரியாரோ அத்தேர்தலில் காங்கிரசை ஆதரித்தார். பழியைக் கட்சிகள்மேல் ஏற்றுவது எளிது. அது தவறு. வழக்கை விசாரித்தது நீதிமன்றம். ஏழாண்டுத் தண்டனையை உச்ச நீதிமன்றம் ஐந்தாகக் குறைத்தது.

தோழர்களே, அடுத்த முறை கடையில் இந்தப் பேச்சு எழுந்தால் சினம் வேண்டாம். திருப்பெரும்புதூர்க் கணக்கை மட்டும் கேளுங்கள்.